மல்லிகை மணக்காத கெய்ஷா: ஒரே பெயரில் வந்த இரண்டு மூட்டைகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

எங்களுடையது சிறிய காபி வறுவல் கூடம். மொத்தம் நான்கு பேர். கொள்முதலையும் கணக்கையும் பார்க்கும் உரிமையாளர், பதினைந்து வருடமாக டிரம் பக்கத்திலேயே நிற்கும் வறுவல்காரர், சேர்ந்து ஆறு மாதமே ஆன பயிற்சிப் பையன், சுவை பார்த்துக் குறிப்பெழுதும் நான். எங்களிடம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் பால் கலந்து குடிப்பவர்கள். அதனால் நன்றாகச் சிவக்க வறுத்த கலவைதான் எங்கள் அன்றாடச் சரக்கு.

சம்பவம் நடந்த வருடம்தான் முதல்முறையாகக் கெய்ஷா என்ற காபி ரகத்தை வாங்கினோம். இரண்டு மூட்டைகள். முதலாவது பனாமாவின் பொகெடே மலைப்பகுதியில் விளைந்து, கழுவிப் பதப்படுத்தப்பட்ட 15 கிலோ. தோட்டத்தின் உயரம் 1,700 மீட்டர் என்று கூட வந்த தாளில் இருந்தது. இரண்டாவது வேறொரு நாட்டில், 1,150 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோட்டத்திலிருந்து வந்த 60 கிலோ. அதுவும் கழுவிப் பதப்படுத்தியதுதான். கிலோவுக்கு விலை முதலாவதில் ஆறில் ஒரு பங்கு. வசதிக்காக இவற்றை ‘அ’ மூட்டை, ‘ஆ’ மூட்டை என்று குறிப்பிடுகிறேன்.

உரிமையாளரின் கணக்கு எளிமையானது. ‘அ’ மூட்டை கௌரவத்துக்கு, ‘ஆ’ மூட்டை வியாபாரத்துக்கு. இரண்டின் பையிலும் ஒரே பெயர், ஒரே வர்ணனை: மல்லிகை, பெர்கமாட் (எலுமிச்சை இனத்துப் பழம்), பீச். அந்த வர்ணனையை எழுதியவன் நான். ‘அ’வைச் சுவைத்துவிட்டு எழுதினேன். ‘ஆ’வைச் சுவைக்காமலேயே எழுதினேன். அது வந்த வாரம் நான் வெளியூரில் இருந்தேன். மாதிரி வறுவல் போடாமலே சரக்கு கடைக்குப் போய்விட்டது.

இந்தப் பெயருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு

கெய்ஷா என்று அழைக்கப்படும் ஜப்பானியக் கலைஞர்களுக்கும் இந்தக் காபிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எத்தியோப்பியாவின் தென்மேற்கில் கெஷா என்று ஒரு பகுதி இருக்கிறது. 1930-களில் அந்தப் பக்கத்துக் காட்டுக் காபியிலிருந்து விதை சேகரித்தவர்கள் ஊர்ப்பெயரைக் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுத, அது கெய்ஷா ஆகிவிட்டது.

அந்த விதை தான்சானியாவின் லியாமுங்கு ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனது. அங்கிருந்து 1953-இல் கோஸ்டா ரிகாவில் உள்ள காட்டியே வேளாண் ஆய்வு நிறுவனத்துக்கு வந்து, டி2722 என்ற பதிவு எண்ணைப் பெற்றது. 1960-களில் பனாமா விவசாயிகளிடம் போய்ச் சேர்ந்தது. அப்போது சுவையை யாரும் பேசவில்லை. இலைத்துரு நோயைத் தாங்கும் என்பதற்காகத்தான் கொடுத்தார்கள். மரம் நெட்டையாக வளரும், கிளை சட்டென்று ஒடியும், காய்ப்பும் குறைவு. விவசாயிகளுக்குப் பிடிக்கவில்லை. பல தோட்டங்களில் மற்ற ரகங்களோடு ஒன்றாகப் பறித்து, ஒன்றாகவே கொட்டிவிட்டார்கள்.

நாற்பது வருடம் இப்படியே போனது. பொகெடேயில் எஸ்மெரால்டா தோட்டத்தை நடத்தும் பீட்டர்சன் குடும்பத்தினர் தங்கள் நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தனித்தனியே பறித்துச் சுவைத்துப் பார்த்தார்கள். உயரத்தில் இருந்த ஒரு பகுதியின் காபி மட்டும் வேறு மாதிரி இருந்தது. அதை மட்டும் 2004-இல் ‘பெஸ்ட் ஆஃப் பனாமா’ போட்டிக்கு அனுப்பினார்கள். முதலிடம் கிடைத்தது. ஏலத்தில் பவுண்டுக்கு 21 டாலர், அன்றைக்கு அது கேட்டறியாத விலை. 2019-இல் அதே போட்டியின் ஏலத்தில் வேறொரு தோட்டத்தின் கெய்ஷா பவுண்டுக்கு 1,029 டாலருக்குப் போனது.

இந்தக் கதையில் எங்கள் நிகழ்வுக்குத் தேவையான விஷயம் ஒன்று. பனாமாவில் பெயர் வாங்கியது டி2722-இன் வம்சம். ‘கெய்ஷா’ என்ற பெயரில் உலகம் முழுக்கத் திரியும் செடிகள் எல்லாம் அந்த வம்சம் அல்ல. அதே எத்தியோப்பியப் பகுதிகளிலிருந்து வெளியே போன வேறு சில செடிகளுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது எங்களுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். உண்மையில் அரைகுறையாகத் தெரியும். விலை குறைவாக இருந்ததால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

புகார்

‘ஆ’ விற்பனைக்கு வந்து ஆறாவது வாரம், ஒரு பெண்மணி பாதி தீர்ந்த பையோடு வந்தார். கோபமெல்லாம் இல்லை. பையை மேசைமேல் வைத்து, “மல்லிகைன்னு போட்டிருக்கீங்க. எனக்கு வறுத்த வேர்க்கடலை வாசனைதான் வருது. நான் ஏதாவது தப்பாப் போடுறேனா?” என்று கேட்டார். முன்பு வேறு இடத்தில் பனாமா கெய்ஷா குடித்திருக்கிறார், அந்த நினைவில்தான் வாங்கியிருக்கிறார்.

அதே வாரம், ‘அ’ வாங்கிய ஒருவர் பேச்சுவாக்கில், “நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த விலைக்கு ஒண்ணும் விசேஷமாத் தெரியல” என்றார். அதை நாங்கள் புகாராகவே எடுத்துக்கொள்ளவில்லை. விலை உயர்ந்த சரக்குக்கு இப்படிச் சிலர் சொல்வது சகஜம் என்று விட்டுவிட்டோம். பின்னால் பார்த்தால், எங்கள் கவனத்தைத் திருப்பியிருக்க வேண்டியது இந்த இரண்டாவது பேச்சுதான்.

உரிமையாளர் அன்று மாலையே இறக்குமதியாளருக்குச் சூடாக ஒரு கடிதம் எழுதிவிட்டார். ‘மோசடி’ என்ற சொல் அதில் இரண்டு இடத்தில் இருந்தது. அனுப்ப வேண்டாம், ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் ஒன்றையும் சரிபார்க்காமல் இன்னொருவரைக் குற்றம் சொன்னால், நாளைக்கு அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்கே நம்மிடம் பதில் இருக்காது என்பதுதான் காரணம். கடிதம் வரைவிலேயே நின்றது. ‘ஆ’வின் விற்பனையை மறுநாள் காலையிலிருந்து நிறுத்தினோம்.

எங்கள் கையில் இருந்த பிழை

முதலில் தண்ணீர். காரத்தன்மை கூடிய தண்ணீர் காபியின் புளிப்பை அமுக்கிவிடும், கூடவே பழவாசனையும் மங்கும். சோதித்ததில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வந்தது. பரிந்துரைக்கப்படும் அளவு 40-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. தண்ணீரில் குறை இல்லை. பச்சைக்கொட்டையின் ஈரப்பதம் இரண்டிலும் 11 சதவீதத்துக்குப் பக்கம். அதிலும் குறை இல்லை.

அப்புறம் வறுவல் ஏட்டைப் புரட்டினோம். இரண்டு மூட்டைகளுமே எங்கள் வழக்கமான கலவையின் பாதையில்தான், அதாவது அதே சூட்டிலும் நேரத்திலும்தான், வறுபட்டிருந்தன. சூட்டில் கொட்டைகள் படபடவென்று வெடிக்கும் சத்தம், அதாவது முதல் வெடிப்பு, கேட்ட பிறகு 2 நிமிடம் 40 விநாடி டிரம்மிலேயே வைத்து, 214 டிகிரியில் இறக்கியிருந்தார் வறுவல்காரர். எடை இழப்பு 15.8 சதவீதம். நான் ஆரம்பத்தில் சுவைத்துக் குறிப்பெழுதியது சிறிய மாதிரி வறுவல் இயந்திரத்தில் இளசாக வறுத்தது. கடைக்குப் போனது பெரிய டிரம்மில் சிவக்க வறுத்தது. ஒரே கொட்டைதான், ஆனால் பையில் எழுதியிருந்த காபி வேறு, பையில் இருந்த காபி வேறு.

கெய்ஷாவின் பூவாசனைக்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படும் சேர்மம் லினலூல். மல்லிகையிலும் பெர்கமாட் தோலிலும் இருப்பதும் அதுதான். எளிதில் ஆவியாகிவிடும். வெடிப்புக்குப் பிறகு டிரம்மில் வைத்திருக்கும் ஒவ்வொரு விநாடியும் பூவாசனை மங்கி, சர்க்கரை கருகத் தொடங்கும் வாசனை மேலே வரும். பால் கலக்கும் காபிக்கு வேண்டியது இரண்டாவது. இங்கே வேண்டியது முதலாவது.

வறுவல்காரர் இதை ஒப்புக்கொள்ளச் சற்று நேரமானது. “பச்சைப் பயறு மாதிரி இருக்கும்” என்பது அவர் பயம். இளசாக வறுத்தால் வேகாத வாசனை வரும் என்று அவர் சொல்வதில் நியாயம் உண்டு, பலர் அப்படிக் கெடுத்ததைப் பார்த்திருக்கிறார். அதனால் நேரத்தைச் சுருக்கும்போது ஆரம்பச் சூட்டைக் கூட்டினோம். உள்ளே வேகவும் வேண்டும், வெளியே தீயவும் கூடாது. மூன்றாவது முயற்சியில் வெடிப்பு 8 நிமிடம் 50 விநாடியில் வந்தது. அதிலிருந்து 1 நிமிடம் 15 விநாடி கழித்து, 205 டிகிரியில் இறக்கினோம். எடை இழப்பு 12.6 சதவீதம்.

மறுநாள் ‘அ’வை அரைத்தபோது நாங்கள் யாரும் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பயிற்சிப் பையன் அரவை இயந்திரத்தின் பாத்திரத்தை மூக்கருகே கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டான். “அண்ணா, யாராவது பூ வெச்சுக்கிட்டு வந்தாங்களா?” என்றான். வறுவல்காரர் பாத்திரத்தை அவன் கையிலிருந்து வாங்கி முகர்ந்தார், திருப்பிக் கொடுத்தார், ஏட்டை எடுத்து அந்த நேரங்களுக்குக் கீழே கோடு போட்டார்.

150 மில்லிலிட்டருக்கு 8.25 கிராம், 93 டிகிரி வெந்நீர், நான்கு நிமிடம் கழித்து மேலே மிதக்கும் பொடியைக் கரண்டியால் விலக்குவது என்று வழக்கமான முறையில் சுவை பார்த்தோம். சூட்டில் பூ மட்டும்தான். கொஞ்சம் ஆறியதும் பெர்கமாட் தோலைக் கிள்ளியது போன்ற கசப்பும் வாசனையும், அதன் பின்னால் பீச். முழுக்க ஆறிய பிறகு தேன். நாக்கில் கனமே இல்லை, தேநீர் மாதிரி மெலிதாக இறங்குகிறது. கெட்டியான காபிக்குப் பழகிய எங்கள் உரிமையாளருக்கு இது காபியா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

‘ஆ’வை அதே பாதையில் வறுத்தோம். சுத்தமான காபி. எலுமிச்சைச் சாயல் கொண்ட மெல்லிய புளிப்பு, நாட்டுச் சர்க்கரை, கடலை. என் தாளில் நூற்றுக்கு 82 மதிப்பெண், ‘அ’வுக்கு 90. மல்லிகை அறவே இல்லை. ஆக, எங்கள் வறுவல் ‘அ’வைக் கெடுத்திருந்தது. ‘ஆ’வின் பிரச்சினைக்கு வேரே வேறு.

கொட்டையைப் பிரித்துப் பார்த்தது

பனாமாவின் கெய்ஷாக் கொட்டை நீளமாக, ஒல்லியாக, இரண்டு முனையும் கூம்பியிருக்கும். ‘அ’வில் நூறு கொட்டைகளை எண்ணிக் கொட்டினால் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தன. ‘ஆ’வில் நூற்றுக்கு முப்பது சொச்சம்தான் நீளம், மற்றவை உருண்டை. வடிவத்தை மட்டும் வைத்து ரகத்தைத் தீர்மானிக்க முடியாது. எத்தியோப்பியாவிலிருந்து வந்த வேறு சில ரகங்களும் நீளமாக இருக்கும். ஆனாலும் ஒரே மூட்டைக்குள் இவ்வளவு வேறுபாடு இருந்தது கேள்வியைக் கிளப்பியது.

பையன் இரண்டு மாலை உட்கார்ந்து, அரைக் கிலோ நீளக் கொட்டைகளைக் கையால் பொறுக்கினான். அதைத் தனியாக வறுத்துச் சுவைத்தோம். லேசான எலுமிச்சைத் தோல் வாசனை முன்னைவிடத் தூக்கலாக இருந்தது, அவ்வளவே. நாங்கள் எதிர்பார்த்ததால் அப்படித் தோன்றியதா என்றுகூடச் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்காகத்தான் முக்கோணச் சோதனைக்குப் போனோம். மூன்று கோப்பை வைப்பார்கள். இரண்டில் ஒரே காபி, ஒன்றில் வேறு. வேறானதைக் கண்டுபிடிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலும் மூன்றில் ஒருமுறை சரியாக வரும். இறக்குமதியாளரிடம், காரணம் சொல்லாமல், ‘ஆ’ விளைந்த அதே தோட்டத்தின் சாதாரண கட்டுவாய் ரகத்தில் 300 கிராம் மாதிரி வாங்கியிருந்தோம். நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஆறு முறை, மொத்தம் 24 முறை முயன்றோம்.

‘அ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடையே 21 முறை சரியாகச் சொன்னோம். ‘ஆ’வுக்கும் கட்டுவாய்க்கும் இடையே 10 முறை. 24-இல் குறைந்தது 13 சரியாக வந்தால்தான் நிஜமாகவே வித்தியாசம் தெரிகிறது என்று எடுத்துக்கொள்வது வழக்கம். பக்கத்து வரிசையில் நிற்கும் சாதாரண மரத்தின் காபியையும் ‘ஆ’வையும் எங்களால் பிரித்தறிய முடியவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றிரவு மூன்று வழிகளைப் பேசினோம். ஒன்று, பேசாமல் விற்றுத் தீர்ப்பது. வாங்கியவர்களில் ஒருவர்தானே கேட்டார் என்பது அதற்கான வாதம். அதை உரிமையாளரே தள்ளிவிட்டார். இரண்டு, அந்தச் சூடான கடிதத்தை அனுப்பிவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பது. மூன்று, கண்டதை அப்படியே எழுதி, மரங்களைச் சோதிக்கச் சொல்வது.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் 2020-இல் வெளியான ஒரு ஆய்வுக் கட்டுரை. காபி ரகங்களை மரபணு அடையாளம் கொண்டு உறுதிப்படுத்துவது பற்றியது. கெய்ஷா என்று சொல்லி அனுப்பப்பட்ட 88 மாதிரிகளில் 39 சதவீதம்தான் டி2722-உடன் பொருந்தியிருந்தன. இத்தனை பேரும் ஏமாற்றுக்காரர்களாக இருக்க முடியாது. அராபிகா பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். ஆனாலும் ஒரு சிறு பங்கு பக்கத்து மரத்தோடு கலந்துவிடும். நாற்றங்காலில் விதை கலந்தாலும் கேட்பாரில்லை. இரண்டு மூன்று தலைமுறை கழிந்தால், கெய்ஷா என்று நம்பி நட்டவருக்கே தன் நிலத்தில் என்ன நிற்கிறது என்று தெரியாது.

‘ஆ’ வாங்கிய, தொடர்பு கிடைத்த எல்லோருக்கும் தகவல் சொல்லிப் பணத்தைத் திருப்பினோம். ‘அ’ வாங்கியவர்களுக்குப் புதிய வறுவலில் ஒரு பை கொடுத்தோம். இதற்கு உரிமையாளர் கொஞ்சம் முனகினார். ஆனால் அங்கே பிழை முழுக்க எங்களுடையது.

தோட்டத்திலிருந்து வந்த பதில்

கடிதத்தில் குற்றச்சாட்டு இல்லாததாலோ என்னவோ, பத்து நாளில் தோட்டக்காரரிடமிருந்தே பதில் வந்தது. எட்டு வருடத்துக்கு முன் ஒரு நாற்றங்காலில் கெய்ஷா என்று சொல்லி நல்ல விலைக்குக் கன்று வாங்கியிருக்கிறார். மரங்கள் ஒரே மாதிரி இல்லை என்பதை அவரும் கவனித்திருக்கிறார். சில மரங்கள் நெட்டையாக, கணுக்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. சில குட்டையாக அடர்ந்திருக்கின்றன. மண்ணின் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டாராம்.

பன்னிரண்டு மரங்களிலிருந்து இளம் இலைகளைப் பறித்து, சிலிக்கா ஜெல் போட்ட பைகளில் உலர்த்தி, மரத்துக்கு ஒரு எண் கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார். செலவை இறக்குமதியாளரும் நாங்களும் பாதிப் பாதி ஏற்றோம். கொட்டையை அனுப்பாமல் இலையை அனுப்பியது ஆய்வகத்தின் அறிவுரை. கொட்டை அடுத்த தலைமுறை, அதில் பக்கத்து மரத்தின் மகரந்தமும் இருக்கலாம். இலை அந்த மரத்தை மட்டும் சொல்லும்.

முடிவு ஏழு வாரத்தில் வந்தது. பன்னிரண்டில் மூன்று மரங்கள் டி2722-உடன் பொருந்தின. மற்ற ஒன்பதும் பொருந்தவில்லை.

பிறகு நடந்தவை

மீதமிருந்த 38 கிலோ ‘ஆ’வை ரகப்பெயர் போடாமல், நாட்டையும் உயரத்தையும் மட்டும் எழுதி, சாதாரண விலைக்கு விற்றோம். இரண்டு மாதத்தில் தீர்ந்தது. நல்ல காபிதான் அது. இறக்குமதியாளர் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியை அடுத்த கொள்முதலில் கழித்துக்கொடுத்தார். இது நியாயமான தொகை என்று உரிமையாளர் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

அதிகம் இழந்தவர் தோட்டக்காரர். எட்டு வருட உழைப்பு, கெய்ஷா என்று சொல்லி விற்க முடியாத வரிசைகள். நாற்றங்கால்காரர் தொழிலை விட்டே போய்விட்டாராம்.

நாங்கள் மாற்றிக்கொண்டது

சுவைக்காமல் வர்ணனை எழுதுவதில்லை, அதுவும் கடைக்குப் போகும் வறுவலைச் சுவைத்த பிறகுதான். மாதிரி வறுவலில் சுவைத்தது கணக்கில் சேராது. ரகப்பெயர் சொல்லி வரும் சரக்குக்கு விதை எங்கிருந்து வந்தது என்று வாங்குமுன் கேட்கிறோம். ‘தெரியாது’ என்ற பதிலையும் ஏற்கிறோம், ஆனால் அப்போது பையில் ரகப்பெயர் ஏறாது. வாடிக்கையாளர் போகிறபோக்கில் சொல்வதையும் தேதி போட்டு எழுதி வைக்கிறோம்.

மறுபடி இப்படி நடந்தால் ஒன்றை வேறு மாதிரி செய்வேன். கட்டுவாய் மாதிரியைக் காரணம் சொல்லாமல் வாங்கியது சரியில்லை. அப்போதே சொல்லியிருந்தால் தோட்டக்காரர் ஒரு மாதம் முன்னதாகவே இலை அனுப்பியிருப்பார்.

அடுத்த அறுவடை

பொருந்திய மூன்று மரங்களுக்கும் தோட்டக்காரர் சிவப்புத் துணி கட்டினார். மறு வருடம் அவற்றின் பழத்தை மட்டும் தனியாகப் பறித்து, ஒரு வாளியில் ஊறவைத்துக் கழுவி, 1.2 கிலோ பச்சைக்கொட்டை அனுப்பினார். பணம் கேட்கவில்லை. எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதும் என்றார்.

‘அ’வின் பாதையிலேயே வறுத்தோம். பொகெடே காபி மாதிரி அரைக்கும்போதே மணக்கவில்லை. 1,150 மீட்டர் உயரத்தில் பழம் சீக்கிரம் பழுத்துவிடுகிறது, வாசனை சேர நேரம் குறைவு. கோப்பை ஆறியபோது பீச் வந்தது, தெளிவாகவே வந்தது. அது அடங்கிய பிறகு, கடைசி வாயில், மல்லிகை. பையன் எனக்கு முன்னால் அதை எழுதிவிட்டான். வறுவல்காரர் அவன் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, தன் கோப்பையில் மிச்சமிருந்ததையும் குடித்தார்.

தோட்டக்காரருக்கு அப்படியே எழுதினோம். அந்த மூன்று மரங்களிலிருந்து விதை எடுத்து, தோட்டத்தின் மேல் விளிம்பில், மற்ற ரகங்களிலிருந்து தள்ளி, நாற்று விட்டிருப்பதாகப் பதில் எழுதினார். காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும்.